சவரியம்மாள் நடித்த பாட்டு

செஞ்சி
14.7.2024

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு நைனா எழுதறது,

ஆண்டவர் புண்ணியத்துல இங்க சுகம். ஏற்காட்டுல குளிரு ஜாஸ்தின்றாங்க. ஸ்வெட்டர் போடறியா? வேளைக்குச் சாப்பிடறியா?

நொவிஷியேட், அதான் அந்தக் கன்னியாஸ்திரி பயிற்சி, முடியற வரைக்கும் போன் கிடையாது, பாக்க வரக்கூடாது, மாசத்துக்கு ஒரு கடுதாசிதான்னு உங்க மடத்துல சொல்லிட்டாங்க. சரி, எழுதறேன். லைன்மேனா முப்பத்தி நாலு வருஷம் கம்பத்து மேல நின்னவனுக்கு, ஒரு வரி எழுத ஒரு மணி நேரம் ஆவுது.

போன மாசம் முப்பதாந்தேதி ரிட்டையர் ஆயிட்டேன். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்து காக்கிச் சட்டைய மாட்டிட்டு உக்காந்துட்டேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. உங்கம்மா பாத்துட்டு காப்பிய வெச்சுட்டுப் போச்சு.

இப்ப ஒரு வேலை பிடிச்சிருக்கேன், சிரிக்காதே. பாட்டு வீடியோ எடுக்கறோம், யூடியூப்ல போட. நம்ம கண்டக்டர் கோவிந்தசாமி பாட்டு எழுதறான். டெய்லர் தனசேகரன் பாடறான். ஸ்டூடியோ வீரமணி கேமரா. எனக்கு இது எதுவுமே தெரியாததால என்னை டைரக்டரா போட்டுட்டாங்க.

முதல் நாளே ராஜகிரி கோட்டைக்குப் போனோம். ஸ்டாண்ட விரிச்சதும் வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. “இன்னா சார் இது? ஸ்டாண்டு வெக்க பர்மிஷன் வாங்கணும்.” “இது கேமராவுக்கு இல்லப்பா, எனக்கு முட்டி வலி, சாஞ்சுக்க”ன்னேன். நம்பல. வெளிய வந்து கல்லாங்குத்துப் பாறை மேல வெச்சு எடுத்தோம். கோட்டை பின்னாடி கட்டைவிரல் அளவு தெரியுது.

அம்மா நல்லா இருக்குது.

சிஸ்டருங்களுக்கு என் தோத்திரம் சொல்லு.

நைனா,
பால்சாமி

*

நவதுறவு இல்லம், ஏற்காடு
4.8.2024

அன்புள்ள நைனா, அன்புள்ள அம்மா,

இயேசுவுக்கே புகழ். நான் நலமாக இருக்கிறேன். ஸ்வெட்டர் போடுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க தினமும் காலைப் பூசையில் மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பொறுப்புச் சிஸ்டர் முதலில் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார். இங்கே அப்படித்தான். இந்த முறை கொடுக்கும்போது, “உன் அப்பா அடுத்து எங்கே எடுக்கப் போறாராம்?” என்று கேட்டார். அதனால் விவரமாக எழுதுங்கள், இரண்டு பேர் காத்திருக்கிறோம்.

நைனா, சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். வெயிலில் தொப்பி போடுங்கள்.

அம்மா, ஒரே ஒரு வரி எழுதுங்கள். “நல்லா இருக்கேன்” என்று மட்டும்கூடப் போதும். நைனா எழுதுகிற “அம்மா நல்லா இருக்குது” நைனாவின் கையெழுத்தில்தானே இருக்கிறது.

அன்புடன்,
ஜாஸ்மின்

*

செஞ்சி
1.9.2024

அன்பு மகளுக்கு,

உன் கடுதாசி கெடச்சுது. நாங்க சுகம். உன் சுகத்துக்கும் உங்க சிஸ்டர் சுகத்துக்கும் வேண்டிக்கிறோம்.

சிஸ்டர் கேட்டதால சொல்றேன், ரெண்டாவது பாட்டு முடிஞ்சுது. டைரக்டர்னா “ஆக்‌ஷன்” சொல்லணும், “கட்” சொல்லணும். எனக்கு வாய்ல வர்றது “சப்ளை குடு”, “லைன் கட்”. கோவிந்தசாமி விழுந்து விழுந்து சிரிச்சான். இப்ப எல்லாருக்கும் பழகிடுச்சு. “சப்ளை குடு”ன்னா தனசேகரன் டக்குனு வாயசைக்கிறான்.

செட்டிக்குளம் கரையில எடுத்தோம். தெர்மாகோல் அட்டையப் புடிச்சு மூஞ்சில வெளிச்சம் அடிக்கிறது என் வேலைதான், டைரக்டருக்குத் தனி ஆளு இல்ல. பாட்டு நடுவுல குரங்கு ஒண்ணு எறங்கி வந்து தனசேகரன் கூலிங்கிளாஸைப் புடுங்கிட்டுப் போச்சு. அவன் நிறுத்தாம பாடிக்கிட்டே துரத்தினான். அத அப்படியே வெச்சுட்டோம். பாத்தவங்க எல்லாம் அத மட்டுந்தான் பேசறாங்க. இருநூத்திப் பன்னெண்டு பேர் பாத்திருக்காங்க. அதுல அறுவது தரம் நான்.

அம்மாவுக்கு முட்டி வலி, உக்காந்து எழுத முடியல. உன் கடுதாசியப் படிச்சுக் காட்டினேன். கேட்டுச்சு.

உடம்பைப் பாத்துக்க.

நைனா

*

ஏற்காடு
6.10.2024

அன்புள்ள நைனாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலம். உங்கள் நலத்தையும் அம்மாவின் முட்டி வலியையும் நினைத்துக்கொள்கிறேன்.

குரங்கு விஷயத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொன்னார் சிஸ்டர். மேசையே குலுங்கியது.

இதற்குக் கீழே எழுதுவது அம்மாவுக்கு. தயவுசெய்து அம்மா கையில் கொடுங்கள், நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம்.

அம்மா, இந்த வாரம் எனக்குச் சமையல் முறை. ரசம் வைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நான் கிளம்பிய அன்று நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நைனா ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். நான் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். நீங்கள் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கீழே பார்த்தேன். கதவு இடுக்கில் உங்கள் இரண்டு காலும் தெரிந்தன. என்னைப் போலவே நீங்களும் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தீர்கள். ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும் வரை நாம் இருவரும் அப்படியே நின்றோம்.

நான் தட்டியிருக்க வேண்டும். தட்டினால் திறந்துவிடுவீர்கள், திறந்தால் நான் போக மாட்டேன் என்று பயந்தேன். அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

உங்கள்,
ஜாஸ்மின்

*

செஞ்சி
15.12.2024

அன்பு மகளுக்கு,

ரெண்டு மாசமா எழுதாததுக்கு மன்னிச்சுக்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல. கிறிஸ்துமஸ் வாழ்த்து எல்லாருக்கும் சொல்லு.

முதல்ல ஒரு பொய்ய ஒத்துக்கறேன். முட்டி வலி எனக்குத்தான், உங்கம்மாவுக்கு இல்ல. நீ போனதுலேர்ந்து அது எங்கூட ஒரு வார்த்தை பேசல. சமைக்குது, தட்டுல வெக்குது, நகர்ந்துடுது. உன் கடுதாசின்னாலே எழுந்து போயிடும். அதனால எல்லாத்தையும் என் பையிலயே வெச்சிருந்தேன்.

கோவிந்தசாமி புதுப் பாட்டு எழுதினான். அவன் பொண்ணு குவைத்துல இருக்கறது உனக்குத் தெரியும்.

“போன பஸ்ஸு திரும்பி வருது
போன புள்ள வரலியே
ஆக்கி வெச்ச சோறு ஆறுது
அள்ளித் திங்க ஆளில்லியே”

அனந்தபுரம் ரோட்டுல ஒரு நிழற்குடையில எடுக்கறதா ஏற்பாடு. ஒரு அம்மா உக்காந்து பொண்ணு போட்ட கடுதாசியப் படிக்கணும். நாடகத்துல நடிக்கிற ஒருத்தங்கள வரச் சொல்லியிருந்தோம், ஜுரம்னு வரல. மத்தியானம் உங்கம்மா சோத்துக் கூடையோட வந்து எறங்கிச்சு. பேச்சு இல்லாட்டியும், சுகர்காரன் வேளைக்குத் திங்கணும்னு வந்துடும்.

கோவிந்தசாமி சொன்னான், “தங்கச்சி, நீயே உக்காரும்மா. மூஞ்சி வேணாம், கையும் தாளும் தெரிஞ்சா போதும்.”

அது என் பக்கம் திரும்பாம, “சோறு ஆறிடும், சீக்கிரம் முடிங்கண்ணா”ன்னு உக்காந்துச்சு.

கையில குடுக்கத் தாள் வேணுமே. தனசேகரன் என் பையில கை வுட்டு ஒண்ண எடுத்துக் குடுத்துட்டான். பாத்தா, உன் அக்டோபர் மாசக் கடுதாசி.

“சப்ளை குடு”ன்னேன். பாட்டு ஓடுச்சு. முதல்ல சும்மா புடிச்சிருந்துச்சு. அப்புறம் கண்ணு தாள் மேல போச்சு. வீரமணி மெதுவா கேமராவ மூஞ்சிக்கு ஏத்தினான். பாதி படிச்சிருக்கும், சட்டுனு புடவைக் கரையை இழுத்து ரெண்டு காலையும் மூடிக்கிச்சு. ஏன்னு உனக்குத் தெரியும். அதுக்கப்புறம் அந்த மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் எழுத மாட்டேன். பாட்டு முடிஞ்சு போச்சு. எனக்குக் “கட்” சொல்ல வாய் வரல. செஞ்சி பஸ் வந்து நின்னுச்சு. கடுதாசிய மடிச்சு இடுப்புல சொருகிட்டு ஏறிப் போயிடுச்சு. சோத்துக் கூடை அங்கயே கெடந்துச்சு. யாரும் சாப்பிடல.

“பதினெட்டு வருஷமா கல்யாணத்துல அழுவறவங்கள எடுக்கறேண்ணே, இப்படி ஒண்ணு எடுத்ததில்ல”ன்றான் வீரமணி. அத வெச்சு பாட்டை முடிச்சுட்டான். இத போட்டா ஊரே பாக்கும்னு மூணு பேரும் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் படுது பாப்பா. ஸ்டூடியோவுல உக்காந்து திரும்பத் திரும்பப் பாக்கறேன்.

போடலாமா? நீ இன்னா சொல்ற?

நைனா

*

ஏற்காடு
5.1.2025

அன்புள்ள நைனாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்களுக்கும் அம்மாவுக்கும் புத்தாண்டு நன்றாக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. “கோயிலில் போய் உட்கார்ந்து படி” என்று மட்டும் சொன்னார்.

நைனா, உங்கள் பையை எனக்குத் தெரியும். பிளையர் ஒரு அறை, மாத்திரை ஒரு அறை, ரசீது ஒரு அறை, எல்லாவற்றுக்கும் ஜிப். அதற்குள் தனசேகரன் மாமா கைவிட்டு, இருக்கிற கடிதங்களில் அந்த ஒன்றை மட்டும் எப்படி எடுத்தார்?

நான் கோபமாக இல்லை. இருந்தேன், இரண்டு நாள். அது அம்மாவுக்கு எழுதியது. பாட்டுக்கு எழுதியது இல்லை.

போடலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் மடத்தில் சேர்ந்தபோதும் நீங்களும் நானும்தான் பேசி முடித்துக்கொண்டோம், அம்மாவிடம் கேட்காமல். அது அம்மாவின் முகம். அம்மாவிடமே கேளுங்கள். பேசாவிட்டாலும் கேளுங்கள்.

உங்கள்,
ஜாஸ்மின்

*

செஞ்சி
19.1.2025

அன்பு மகளுக்கு,

சுகம். மாத்திரை போடறேன்.

நான்தான் எடுத்துக் குடுத்தேன். தெரிஞ்சேதான். நாடகக்காரங்க வரலன்னதும் பையத் தொறந்தேன், அது மேலாப்புல இருந்துச்சு. எப்படியாவது படிச்சுடட்டும்னு நெனச்சேன். அது நெசம். ஷாட்டு நல்லா வரும்னும் நெனச்சேன். அதுவும் நெசம். எது முன்னாடி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அதான் தூக்கம் வரமாட்டேங்குது.

உங்கம்மாகிட்ட இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி இத போஸ்ட்ல போட்டுடறேன். போட்டுட்டா பின்வாங்க முடியாது பாரு.

வேண்டிக்க.

நைனா

*

செஞ்சி
16.2.2025

ஜாஸ்மினுக்கு அம்மா சவரியம்மாள் எழுதறேன்.

நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கற? எட்டாவது படிச்ச கை, தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்க. உங்க சிஸ்டரும் படிப்பாங்களாமே, அவங்களுக்குக் கும்புடறேன்.

உங்க நைனா வந்து முன்னாடி நின்னு எல்லாம் சொன்னாரு. கேட்டுட்டு உலைய எறக்கி வெச்சேன். எட்டு மாசம் கழிச்சு அந்த மனுசன்கிட்ட நான் பேசின முதல் வார்த்தை, “யோவ், அத எனக்குக் காட்டு.”

வீரமணி தம்பி கடையில பாத்தேன். பெரிய கம்ப்யூட்டர்ல என் மூஞ்சி. எல்லாம் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்றாங்க. எனக்குப் பாத்தா சாவு வீட்டுப் பொம்பள உக்காந்த மாதிரி இருந்துச்சு. என் புள்ள செத்தா போயிட்டா? ஏற்காட்டுல ரசம் வெச்சுகிட்டு இருக்கறா. அழின்னு சொன்னேன்.

ஒருத்தரும் நகரல. வீரமணி மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. உங்க நைனாதான் எந்தப் பட்டன்னு கேட்டு, அவர் கையாலயே அழிச்சாரு. வேற எங்கயும் வெச்சிருக்கியான்னு வீரமணியக் கேட்டு அதையும் அழிச்சாரு. அழிச்சுட்டு வெளிய போய் நின்னுகிட்டாரு. பாவமா இருந்துச்சு.

பாட்டு பாதியில நிக்குது, நாலு பேர் உழைச்சது. அதனால நானே சொன்னேன், திரும்பி எடுங்க, நான் நடிச்சுத் தரேன், வெறும் தாளக் குடுங்கன்னு. அதே எடத்துல ஏழு தடவ எடுத்தாங்க. ஒண்ணும் எழுதாத தாளப் பாத்து எப்படி அழுவறது? “அக்கா, பல்லு வலி மாதிரி இருக்குது”ன்னான் தனசேகரன். கடைசியில உங்க நைனா “லைன் கட், போதும்”னுட்டாரு. அதத்தான் போட்டிருக்காங்க.

நீ கதவுகிட்ட நின்னத எழுதியிருந்த. நானும் ஒண்ணு சொல்றேன். நீ சாமிக்குப் போனதுல எனக்குக் கோவம் இல்ல. கல்யாணமாகி ஒம்போது வருஷம் புள்ள இல்லாம, கோயில் கோயிலா முட்டி போட்டு வேண்டினவ நான். நீ மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குத்தான் போறன்னு ரெண்டு வருஷம் நம்பினேன். நீயும் அவருமா மடத்துல சேர்ற பாரத்துல கையெழுத்துப் போட்டு, கிளம்பற வாரம் என்கிட்ட சொன்னீங்க. வேண்டி வாங்கினவகிட்ட முதல்ல கேட்டிருக்கணும். கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கணும்.

ரசத்துக்கு மிளகைத் தட்டிப் போடு, அரைக்காதே.

அம்மா

*

ஏற்காடு
16.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். நைனாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

சிஸ்டர் ஆபீஸ் போனில் அந்தப் பாட்டைக் காட்டினார். விதி தளர்த்தியது இந்த ஒரு முறைதான். நாங்கள் ஏழு பேர் சுற்றி நின்றோம். நீங்கள் தாளைப் பார்த்து, மேலே பார்த்து, நெற்றியில் கை வைத்து, மறுபடி மேலே பார்த்தீர்கள். “உன் அம்மா நல்லா நடிக்கிறாங்களா?” என்று சிஸ்டர் கேட்டார். “ரொம்ப மோசம் சிஸ்டர்” என்றேன். கீழே யாரோ, “பாட்டு சூப்பர், அந்தம்மா ஓவர் ஆக்டிங்” என்று எழுதியிருக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். இங்கு வந்த பிறகு அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்ததும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் நான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். நீங்கள் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். “கோபத்துக்குப் பயந்து வந்த இடமும் நிலைக்காது, பயந்து போகிற இடமும் நிலைக்காது, கொஞ்சம் பொறு” என்றார். பொறுத்தேன். இப்போது பயம் இல்லை. இருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. காலையில் எழும்போதே தோன்றுகிறது.

மே 31 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாழ்வேன் என்று அன்று வாக்குக் கொடுக்க வேண்டும். மடத்திலிருந்து அழைப்பு வீட்டுக்கு வரும். அதற்கு முன்னால் நான் கேட்கிறேன். நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் கொடுக்கட்டுமா அம்மா? வேண்டாம் என்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுவேன். அப்படிச் செய்ய இடம் உண்டு, சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன்.

பதிலுக்கு அவசரம் இல்லை.

உங்கள் மகள்,
ஜாஸ்மின்

*

செஞ்சி
27.4.2025

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கோம். ஈஸ்டர் பூசைக்குப் போனோம். உனக்கு இருமல் கிருமல் இல்லாம இருக்கணும்னு வேண்டிகிட்டேன்.

பதில் போட ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. உங்க நைனா தினம், “இன்னா எழுதியிருக்குது பாப்பா, இன்னா எழுதியிருக்குது”ன்னு சுத்திச் சுத்தி வந்தாரு. இது எனக்கு வந்ததுன்னு சொல்லிட்டேன். பாவம், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவருக்குத் தெரியாதது எனக்கு ஒண்ணு தெரிஞ்சது இதான் முதல் தடவ.

வேணாம்னு ஒரு தாள்ல எழுதினேன். படிச்சுப் பாத்தேன், நானே எழுதின மாதிரி இல்ல. கிழிச்சேன். சரின்னு ஒரு தாள்ல எழுதினேன். அதையும் கிழிச்சேன். அதுக்குள்ள புதுப் பாட்டு ஷூட்டிங் வந்துடுச்சு. வேர்க்கடலைக் கொல்லையில நான் களை எடுக்கற மாதிரி. களை எடுக்கறதுக்கு நடிப்பு வேணாம்ல, ஒரே தடவையில முடிஞ்சுது. உங்க நைனா கை தட்டினாரு.

நேத்து அவர்கிட்ட சொன்னேன். மே மாசம் ஏற்காடு போறோம், டிக்கெட் போடுங்கன்னு. அப்படியே உக்காந்துட்டாரு. கோவிந்தசாமி அண்ணன், தனசேகரன், வீரமணி மூணு பேரும் வரேன்றாங்க. வரட்டும். ஆனா கேமராவ எடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டேன்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். சரி. முழு மனசா இல்ல பாப்பா, முக்கால் மனசு. மிச்சம் கால் மனசை அங்க வந்து, உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றேன்.

அம்மா